வனீஸின் பங்குக்கு வந்த சங்கீதம்

கெய்ரோவின் ஷுப்ராவில் நான் இன்றும் குடியிருக்கிற இந்தக் கட்டடத்தின் லிஃப்டை மாற்றிப் பல வருஷமாகிவிட்டது. இப்போது இருப்பது இரும்புப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் ஆறாம் மாடியில் கொண்டுவந்து தள்ளிவிடும். சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஏறும்போதெல்லாம் வாய் பேசாத ஆளோடு விருந்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது எனக்கு.

பழையது மரப்பெட்டி. மடக்குக் கம்பிக் கதவு, ரசம் போன கண்ணாடி, மூலையில் ஒரு முக்காலி, முக்காலியில் லிஃப்ட்காரர் வனீஸ். கீழிருந்து என் மாடிக்கு வர நிதானமாக ஒன்றரை நிமிஷம் ஆகும். அவசரக்காரர்கள் திட்டிக்கொண்டே படியேறுவார்கள். நானும் அவசரக்காரிதான். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எட்டு மணி நேரம் டைப் அடித்துவிட்டு வருகிறவளுக்குப் படியேற எங்கே மனசு வரும்? அந்த ஒன்றரை நிமிஷத்தில் வனீஸோடு பேசிப் பேசித்தான் அவரை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்காகவே இப்போது ஏங்குகிறேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வனீஸ் தெற்கே அக்மீம் பக்கத்து ஆள். ஆறடி உயரம், பெரிய மீசை, வலது மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை. தெற்கத்திக்காரர்களைப் பற்றி கெய்ரோக்காரர்கள் அடிக்காத நக்கல் கிடையாது. வனீஸின் முகத்துக்கு நேராகவே அடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, நக்கலடித்தவரைச் சரியாக ஒரு மாடி தள்ளி இறக்கிவிடுவார். கேட்டால், "நான் தெற்கத்தி ஆளு ஐயா, கணக்கு வராது" என்பார்.

அவர் மனைவி இன்சாஃப். இரண்டு பேரும் மொட்டைமாடி அறையில் குடியிருந்தார்கள். இன்சாஃப் ஷுப்ராவிலேயே பிறந்தவள், தபாலாபீஸ் குமாஸ்தாவின் மகள், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெண் கேட்டு வந்த வனீஸின் அத்தை, "பையனும் படிச்சவன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கல்யாணத்தை முடித்துவிட்டாள். எங்கள் தெருவில் பெண்களைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னார் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அதனால் நான் 'அப்லா', அதாவது எல்லோருக்கும் அக்கா. இன்சாஃபுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகியும் பிள்ளையில்லை. அவளை மட்டும் தெரு முழுக்க வெறும் இன்சாஃப் என்று கூப்பிட்டது. அவளும் 'என்ன?' என்று திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்பலைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

மூன்று பேருக்கும் ஒரே ஆலயம், இரண்டு தெரு தள்ளி. எங்கள் காப்டிக் சபையில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சங்கீதம், அதாவது வேதத்தில் தாவீது ராஜா பாடிய ஜெபப்பாட்டு, பங்கு போடுவார்கள். ஜெபப்புத்தகத்தில் மூன்றாம் மணி ஜெபத்துக்குப் பன்னிரண்டு, ஆறாம் மணி ஜெபத்துக்குப் பன்னிரண்டு, ஆக இருபத்துநான்கு சங்கீதங்கள் சொல்லியாக வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் மதியமாகிவிடும். அதனால் எங்கள் பாதிரியார் அபூனா மத்தியாஸ் பெஞ்சு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே, ஒவ்வொரு சங்கீதத்தின் முதல் வார்த்தைகளை உரக்கச் சொல்லி, ஒவ்வொரு ஆளைக் கைகாட்டுவார். கைகாட்டப்பட்டவர் தன் பங்கை வாய்க்குள்ளே சொல்லிக்கொள்வார். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் முணுமுணுக்க, மொத்தமும் சேர்ந்து அந்த வேளையின் ஜெபமாக மேலே போகும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். இன்றைக்கும் அடுப்பில் அவரை விதை கொதிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்த ஆலயம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கிய முதல் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வரும்போது, ஆண்கள் பக்கத்து அலமாரியில் வனீஸ் புத்தகத்தைத் திருப்பி வைப்பதைப் பார்த்தேன். கறுப்பு அட்டை, பொன் எழுத்து. ஜெபப்புத்தகம் இல்லை அது, செத்தவர்களுக்கான அடக்க ஜெபம். மனுஷன் ஒரு மணி நேரம் அதை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் லிஃப்டில் ஏறியதும் வாய் சும்மா இருக்குமா?

"என்ன வனீஸ், நேத்து யாருக்கு அடக்கம்?"

"என்ன அப்லா சொல்றீங்க?"

"அடக்க ஜெபத்தைக் கையில வெச்சுக்கிட்டு அப்படி உருகுனீங்களே. முன் பெஞ்சுல புதுசாக் கல்யாணமான பையன் இருந்தான், பாத்திருந்தா மயங்கி விழுந்திருப்பான்."

வனீஸ் பிடியைத் திருப்பி லிஃப்டை மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நிறுத்திவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்சாஃப் பாத்தாளா?"

அவர் கேட்ட விதத்தில் என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "இல்ல. ஏன், அவ பாத்தா என்ன?"

"எனக்குப் படிக்கத் தெரியாது அப்லா."

மாடி எண் தெரியும், தபால்காரர் வாயால் சொல்லும் பெயர் தெரியும், அதை வைத்தே அத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறார். ஆலயத்தில் பக்கத்து ஆள் பக்கம் திருப்பும்போது இவரும் திருப்புவார். அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடமானது ஒரே ஒரு சங்கீதம், ஆண்டவர் என் மேய்ப்பர் என்று தொடங்கும் மேய்ப்பர் சங்கீதம். பங்குக்கு எது வந்தாலும் அதையே சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை மேய்ப்பரே என் பங்குக்கு வந்துடுவாரு. அன்னிக்கு எனக்குப் பெருநாள் மாதிரி இருக்கும். மத்த நாள்ல என்ன ஆவுது? மேய்ப்பர் ரெண்டு தடவை மேல போறாரு, இன்னொரு சங்கீதம் போகவே இல்ல. ஒரு மாடில நிக்காமலே போற லிஃப்டு அப்லா. அந்த மாடிக்காரன் மணி அடிச்சிக்கிட்டே இருக்கான்."

இரண்டு வாரம் முன்பு பூசையில் பேசிக்கொண்டிருந்த இளவட்டங்களை அபூனா அதட்டியிருந்தார். பங்குக்கு வந்த சங்கீதத்தைச் சொல்லாமல் விடுவது ஆலயச் சுவரிலிருந்து ஒரு கல்லை உருவுவது மாதிரி என்று சொல்லியிருந்தார். அந்தப் பையன்கள் வெளியே போனதும் மறந்துவிட்டார்கள். இவர் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நற்கருணை அப்பம் வாங்குவதையும் நிறுத்திவிட்டாராம். கடவுளை ஏமாற்றிக்கொண்டே அவர் பந்திக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

"பாவசங்கீர்த்தனத்துல அபூனாகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா, 'போய் இன்சாஃப்கிட்ட சொல்லு'ம்பாரு. படிச்சவன்னு நம்பித்தான் அவ என்னைக் கட்டிக்கிட்டா. அதைவிட..." வனீஸ் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவளுக்குப் பிள்ளை இல்லாமப் போனது எதனாலேன்னு எனக்குத் தெரியும். நான் உருவுன கல்லுதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துக்கம் வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "கடவுள் என்ன எங்க ஆபீஸ் மேனேஜரா, ஒரு தாள் குறையுதுன்னு ஃபைலைத் திருப்பி அனுப்ப?"

"அப்படி இல்லேன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. வனீஸ் பிடியைத் திருப்பி என்னை ஆறாம் மாடியில் இறக்கிவிட்டார்.

வீட்டில் போய் யோசித்துவிட்டு மறுநாள் ஜெபப்புத்தகத்தோடு ஏறினேன். எழுத்துச் சொல்லித்தரட்டுமா என்று கேட்டேன். நாற்பத்தெட்டு வயதில் எழுத்து கண்ணில் நிற்காது, ஆனால் காதில் விழுந்தது போகாது என்றார். சரி, காது இருக்கிறதல்லவா? கீழிருந்து ஆறாம் மாடிக்கு வருவதற்குள் மூன்று வசனம் படிக்கலாம். காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. நோன்பு முடிய இன்னும் நாள் இருந்தது. குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு வரும் பாடுகளின் வாரத்தில் சங்கீதம் பங்கு போட மாட்டார்கள். ஆகவே குருத்தோலை ஞாயிறுதான் கெடு. அதற்குள் இருபத்துநான்கையும் ஏற்றிவிட்டால், எது பங்குக்கு வந்தாலும் வனீஸ் நேர்மையாகச் சொல்லுவார், நேர்மையாக நற்கருணை வாங்குவார், இன்சாஃபுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று நினைத்தோம்.

வனீஸ் மனப்பாடம் செய்த விதம் இருக்கிறதே, அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்க்க முடியாது. ஒவ்வொரு வசனத்தையும் ஒரு மாடியில் குடிவைத்தார். "தூதர் கூடாரம் போடுறது ரெண்டாம் மாடி, பல் டாக்டர் வீடு. உடைஞ்ச நெஞ்சுக்குப் பக்கத்துல ஆண்டவர் இருக்கிறது அஞ்சாம் மாடி, அந்த விதவையம்மா வீடு." பகல் முழுக்க ஏறி இறங்கும்போது அந்தந்த மாடி வந்ததும் அந்தந்த வசனத்தை முணுமுணுப்பார். ஐந்தாம் மாடி அம்மாள் தன்னைத்தான் ஏதோ திட்டுகிறார் என்று வீட்டுக்காரரிடம் புகார் செய்யப் போனாள். நான்தான் தடுத்து, விஷயத்தைச் சொல்லாமல் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. சங்கீதம் என்றால் அதிகாரிக்கு எழுதுகிற விண்ணப்பம் மாதிரி, கைகட்டிக்கொண்டு சொல்கிற மரியாதைப் பேச்சு என்று வனீஸ் அதுவரை நினைத்திருந்தார். ஒரு சாயங்காலம், ஏன் என்னை மறந்துவிட்டாய், நான் ஏன் இப்படி முகம் வாடித் திரியவேண்டும் என்று கடவுளைக் கேட்கிற இடம் வந்தது. வனீஸ் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நில்லுங்க அப்லா. இப்படிக் கேக்கலாமா?"

"எழுதியிருக்கே."

"அவர் முகத்தைப் பாத்து, 'ஏன்யா மறந்தே'ன்னு?"

"ஆமா."

"இது தெரியாம நான் பத்தொன்பது வருஷமா 'எல்லாம் நல்லாருக்கு ஆண்டவரே'ன்னு பொய் சொல்லிட்டிருந்தேனே!" என்றார். அன்று என்னை ஏழாம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார், அதுவும் வேண்டுமென்று அல்ல.

அவருக்கு ரொம்பப் பிடித்தது, சீக்கிரம் வா, தாமதம் பண்ணாதே என்று அவசரப்படுத்துகிற குட்டிச் சங்கீதம். "இது மேல் மாடிக்காரங்க மணி அடிக்கிறதேதான்! இத்தனை நாள் நான் மணிச் சத்தம் கேக்குறவனா மட்டும் இருந்தேன். நானும் அடிக்கலாம் போலிருக்கே." குருவிக்கும் உம் வீட்டில் இடம் கிடைத்ததே என்று வருகிற சங்கீதத்தைக் கேட்டுவிட்டு, "அது எங்க மொட்டைமாடி ரூம்தான், சந்தேகமே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டும் எட்டு வயதிலிருந்து தெரியும். ஆனால் வேறு வேலை நினைவோடு பல் தேய்ப்பது போலச் சொல்லிவந்தவள் நான். வனீஸ் வாயிலிருந்து கேட்டபோதுதான் அவற்றை முதன்முதலாகக் கேட்டேன். அப்பா போனபிறகு கடவுளோடு எனக்கு ஒரு மனஸ்தாபம் இருந்தது. அதை அவரிடமே நேராகச் சொல்லலாம் என்கிற தைரியம் அந்த லிஃப்டில்தான் வந்தது.

எல்லோரும் மரியாதையாக உஸ்தாஸ் என்று கூப்பிடும் நாலாம் மாடி ஷவ்கத்திடமிருந்து மட்டும் தப்ப முடியவில்லை. ஓய்வு பெற்ற வக்கீல், முஸ்லிம், காது கூர்மை. ஒரு காலையில் ஏறியவர் கொஞ்சநேரம் கேட்டுவிட்டுத் தடியால் தரையைத் தட்டினார்.

"யாரு இந்தக் கட்சிக்காரர்? வாதம் பிரமாதமா வைக்கிறாரே."

"தாவீது ராஜா" என்றேன்.

"நம்ம தாவூது நபியா! அதானே பாத்தேன். குடும்மா புத்தகத்தை. நீ டைப் அடிக்கிற மாதிரி படிக்கிறே. மேல்முறையீட்டு மனுவை இப்படியா வாசிக்கிறது?"

அதன்பிறகு காலை வசனங்கள் அவருடையவை. நீதிமன்றக் குரலில் அவர் படித்தால் பெட்டி அதிரும். என்ன விஷயம், ஏன் ரகசியம் என்று அவர் கேட்கவே இல்லை. "கட்சிக்காரர் சொல்லாததை வக்கீல் கேக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நோன்பின் நடுவில் ஒரு நாள் இன்சாஃப் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தட்டுப் பருப்புச் சோறு. தட்டை வைத்துவிட்டு உட்காரவில்லை.

"அப்லா, அவர் ஒன்றரை மாசமா நற்கருணை வாங்கல. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"வயித்துக்குச் சரியில்லேன்னு சொன்னாப்ல இருந்துச்சு" என்று புளுகினேன்.

"ஈஸ்டர் பெருநாளன்னிக்கும் வாங்கலேன்னா சர்ச்சுல ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. பேசட்டும், அதைத் தாங்கிப்பேன். எதையோ தனியாத் தூக்கிச் சுமக்கறாரு அப்லா. என்கிட்ட இறக்கி வைக்க மாட்டேங்கறாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல." அழவில்லை. குமாஸ்தா மகள், அடுத்தவர் வீட்டில் அழ மாட்டாள். நான் பருப்புச் சோறு நன்றாக இருக்கிறது என்று இன்னும் வாயில் வைக்காமலே சொன்னேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கணக்குப் பார்த்தபோது இருபத்துமூன்று தேறியிருந்தது. மிச்சம் ஒன்று. என் உள்ளம் நல்ல செய்தியால் பொங்குகிறது என்று தொடங்குமே, ராஜாவுக்கும் மணப்பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கிற சங்கீதம், அது. நீளமானது. அதை விட்டதற்கு நான்தான் காரணம். ஆரம்பத்திலேயே வனீஸ் கேட்டார், நான்தான், "ராஜா வீட்டுக் கல்யாணம் உங்களுக்கு எதுக்கு? கடைசில பாத்துக்கலாம்" என்று தள்ளினேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கே அதைப் படிக்கப் பிடிக்காது. முப்பத்தாறு வயதில் அலங்காரம் செய்த மணப்பெண்ணைப் பற்றித் தினம் ஆறு வசனம் வாசிக்க என்னால் ஆகவில்லை. சனிக்கிழமை லிஃப்டில் ஆட்கள் குருத்தோலைக் கட்டோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள், படிக்க இடமே கிடைக்கவில்லை.

"இருபத்துநாலுல ஒண்ணு. அதுவா வந்துடப்போவுது?" என்றேன்.

"ஆமா அப்லா" என்றார் வனீஸ், நம்பாமல்.

ஞாயிறு காலை ஆலயத்தில் நிற்க இடமில்லை. ஆளாளுக்கு ஓலைச் சிலுவை. அபூனா மத்தியாஸ் பங்கு போடத் தொடங்கினார். இன்சாஃபுக்கு, செவிசாய்த்துக் கேளும் என்று வருகிற சங்கீதம் கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை ஞாபகமில்லை. அபூனா ஆண்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தது, அந்த ஒன்று மட்டும் தீரவில்லை. அப்புறம் அவர் கை வனீஸ் பக்கம் நீண்டது.

"வனீஸ், 'என் உள்ளம் பொங்குகிறது'."

என் கோணல் புத்தியால் ஒரு மனுஷன் மாட்டிக்கொண்டான். பரவாயில்லை, மேய்ப்பரையே சொல்லிவிடு வனீஸ், இன்னும் ஒரே ஒரு தடவை, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குள் கெஞ்சினேன். அபூனா அடுத்த ஆளை நோக்கி நகர்ந்தும்விட்டார்.

வனீஸ் எழுந்து நின்றார். ஆறடி ஆள் எழுந்தால் மறைக்கவா முடியும்?

"அபூனா, அது எனக்குத் தெரியாது."

"புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுப்பா" என்றார் அபூனா, புரியாமல்.

"எனக்குப் படிக்கத் தெரியாது அபூனா. பத்தொன்பது வருஷமா படிக்கிற மாதிரி நடிச்சிருக்கேன். இப்ப இருபத்துமூணு காதுல கேட்டுத் தெரியும். அதுல எதைக் குடுத்தாலும் சொல்றேன். இது ஒண்ணு மட்டும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி இனிமே என்னால வாங்கிக்க முடியல."

அபூனா தன் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டார். பாவம், அவரும் என்ன சொல்லுவார்? கடைசியில், "சரிப்பா... அப்ப இதை யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்றேன் அபூனா."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல். இன்சாஃப் எழுந்து நின்றிருந்தாள். எங்கள் ஆலயத்தில் பூசை நேரத்தில் பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கமில்லை.

"உனக்கு ஏற்கெனவே ஒண்ணு குடுத்தாச்சே அம்மா."

"குடுத்தீங்க. எப்பவும்போல ரெண்டையும் சொல்லிடறேன். அவர் பங்குக்கு என்ன வருதுன்னு ஒவ்வொரு ஞாயிறும் காது குடுத்துக் கேட்டு, என்னுதை முடிச்சிட்டு அதையும் நான்தான் சொல்லிட்டு வர்றேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் முறை. வனீஸ் திரும்பினார். முழுசாகத் திரும்பி, ஆலயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தேம்பி அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தாள், அவளுக்கும் அது தேவைப்பட்டது.

"உனக்குத் தெரிஞ்சது ஒண்ணைச் சொல்லு வனீஸ்" என்றார் அபூனா. அன்று வனீஸ் நற்கருணை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்டுக்கு விடுமுறை. ஆனாலும் திரும்பி வந்ததும் வனீஸ் சாவி போட்டுத் திறந்தார். அந்தப் பெட்டிக்குள் நாங்கள் மூன்று பேர், மூன்று ஓலைச் சிலுவை. முதல் மாடி தாண்டியதும் வனீஸ் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறு வாரம். எங்கப்பா எழுதின கடுதாசியைத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு, 'எல்லாரும் சௌக்கியமாம்'னீங்களே."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டாம் மாடி போனது.

"நான் உருவுன கல்லாலதான் நமக்குப் பிள்ளை..."

"எந்தக் கல்லு? அந்தக் கல்லை நான்தான் வாராவாரம் வெச்சாச்சே! பிள்ளை இல்லாததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பைத்தியமா உங்களுக்கு? இதையா இத்தனை வருஷம் சுமந்தீங்க?" இன்சாஃப் அப்போதுதான் அழுதாள். என் வீட்டில் அழாதவள், என் முன்னால் அழுதாள்.

நான்காம் மாடி வரும்வரை வனீஸ் அவளைப் பார்க்கவில்லை. பிறகு, தெற்கத்தி ஆள் அல்லவா, அடிபட்ட மாதிரி ஒரு குரலில் சொன்னார். "அப்ப நான் நாப்பது நாளா உயிரை விட்டு மனப்பாடம் பண்ணினது எல்லாம் வீணா? அதான் நீ எனக்கும் சேத்துச் சொல்லிட்டியே."

இன்சாஃப் முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தாள். "எப்படி வீணாகும்? எனக்கும் சேத்து உங்களுக்கும் சேத்து நான் எவ்வளவோ படிச்சாச்சு. யாராவது எனக்குன்னு ஒரு சங்கீதம் சொல்லி நான் கேட்டிருக்கேனா? பள்ளிக்கூடத்துல கேட்டதோட சரி. சொல்லுங்க, கேக்கறேன். இருபத்துமூணையும் சொல்லுங்க."

ஆறாம் மாடியில் நான் இறங்கிக்கொண்டேன். கம்பிக் கதவை நான் சாத்தி முடிப்பதற்குள் வனீஸ் தொடங்கிவிட்டார், குருவிக்கும் இடம் கிடைத்த அந்தச் சங்கீதத்தை. இன்சாஃப் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கடைசி மாடியான ஏழாம் மாடிக்குப் போய் நின்றது. கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை, அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக் கதவைத் திறக்காமல் நானும் அங்கேயே நின்று கேட்டேன்.